இருக்கைப் பட்டியல், 1747

பிப்ரவரி. செவ்வாய். காலை எட்டு மணி வகுப்பு.
கீழ்த்தளத்துக் கொதிகலன்
முந்தின இரவே செத்துப்போயிருந்தது.
கோட்டைக் கழற்றாமல் இருபத்தோரு பேர்,
காகிதக் கோப்பையைக் கன்னத்தில் அணைத்தபடி.
ரத்து செய்துவிடுங்களேன் என்றார்கள்.
இல்லை, இந்தப் பாடத்துக்கு இந்தக் குளிர் வேண்டும் என்றேன்.

நியூ இங்கிலாந்தின் தொழுகைக் கூடங்களில் அப்போது
அடுப்பே கிடையாது.
அப்பத் துண்டுகள் விறைத்துத்
தட்டில் கூழாங்கல்போல் உருளும்.
மணற்கடிகாரம் இரண்டு முறை கவிழும்வரை
போதகர் நரகத்தின் சூட்டைப் பற்றிப் பேசுவார்.
“அதைக் கேட்டாவது குளிர் காய்ந்திருப்பாங்க”
என்றது பின்வரிசை.
அன்று சிரிப்பு கண்ணுக்குத் தெரிந்தது, ஆவியாக.

செமஸ்டருக்கு ஒருவராவது கேட்பார்:
நீங்கள் எந்தச் சபை, டாக்டர் வெக்ஸ்லர்?
ஏழரைக்கு வந்தால்தான் வண்டி நிறுத்த
இடம் கிடைக்கிற சபை, என்பேன்.
மூன்று கல்லூரி, மூன்றிலும் பகுதிநேரம்.
என் நூலகம் காரின் பின்சீட்டில் குடியிருக்கிறது.

கம்பளித் தொப்பிக்குள் சீட்டுகள்.
ஆளுக்கொன்று எடுத்து
சீட்டு சொல்லும் இடத்தில் உட்கார வேண்டும்.
டன்மியர் ஊர்ச் சபையில் ஒரு குழு கூடி
நிலம், வரி, வயது பார்த்து
யார் எங்கே அமர்வது என்று எழுதிய கணக்கு அது.
பந்திக்கு முந்துவதைப் பார்த்திருக்கிறோம்.
பிரார்த்தனைக்கும் முந்தியிருக்கிறார்கள்.

வகுப்புக்கே ஒழுங்காக வராத ப்ரைஸ் கோல்டருக்கு
முதல் பெஞ்சு, மேஜர் எலிஃபலெட் ஹார்லோ.
வேதத்தைத் தலைகீழாக ஒப்பிக்கும் கெசையா லண்ட்க்விஸ்டுக்கு
விதவைகள் வரிசை, கதவிடுக்குக் காற்று.
“இதைக் கூடாதுன்னுதானே எழுதியிருக்கு?
அந்தப் பக்கத்தை இவங்க புரட்டவே இல்லையா?”
புரட்டினார்கள், தினமும் என்றேன்.
அதற்குமேல் சொல்ல என்னிடமும் ஒன்றுமில்லை.

கடைசிச் சீட்டு ப்ரோடி ஹென்ரிக்சனுக்கு.
படகு அணி. ஆறடி நாலங்குலம்.
“மேல்மாடப் படிக்கட்டு. மேஜர் ஹார்லோவின் நீக்ரோப் பெண்.”
சீட்டைத் திருப்பிப் பார்த்தான்.
“பேரு விட்டுப்போச்சு.”
விடவில்லை. ஏட்டில் அவ்வளவுதான்.
இறந்த தேதி இருக்கிறது.
விலை இருக்கிறது, வேறொரு தாளில்,
ஒரு பசுவுக்கும் சுவர்க்கடிகாரத்துக்கும் நடுவே.
கடல் தாண்டி அவளைப் பெயர்த்து வந்தவர்கள்
பெயரைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள்.

சீட்டுப்படியே வருகை எடுத்தேன்.
மேஜர்? இருக்கிறார், கொட்டாவியோடு.
விதவை சப்மிட் ஆல்வர்ட்? இருக்கிறேன்.
கடைசியில் வாய் திறந்தேன்.
ஹார்லோவின், என்று தொடங்கினால்
ஹார்லோதான் நிமிர்வார்.
விளக்கு மாற்றுகிற ஏணியருகே
ப்ரோடி நின்றுகொண்டே இருந்தான்,
உட்காரச் சொல்லி யாரும் கூப்பிடாததால்.

மணி அடித்தது. எல்லோரும் போனபின்
வில்லெட்டா கேஃப்னி மட்டும் மேசையருகே.
வகுப்பில் கறுப்பினத்தவள் அவள் ஒருத்திதான்.
“அந்தச் சீட்டை உள்ளங்கையில வச்சிருந்தீங்க.
தொப்பி என்னைத் தாண்டினப்புறம்தான் போட்டீங்க.”
ஆமாம் என்றேன்.
உன்னை அங்கே நிற்கவைக்க எனக்கு மனசு வரவில்லை என்றேன்.
“யாரு எங்க உட்காரணும்னு
நீங்களே ஒரு குழு போட்டு முடிவு பண்ணிட்டீங்க.”

கோபமாகச் சொல்லவில்லை.
கையுறையின் விரல்களை
ஒவ்வொன்றாக இழுத்து மாட்டினாள்.
“எனக்கு வந்திருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன்.
ஒரு பேரும் சொல்லியிருப்பேன்.”
என்ன பெயர் என்று கேட்டேன்.
“சீட்டு எனக்கு வரலையே”
என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

இருபத்தொரு சீட்டையும் பொறுக்கி அடுக்கினேன்.
அடுத்த வகுப்பு நாற்பது மைல் தள்ளி, பத்தரைக்கு.
படியிறங்கும்போது
குழாய்கள் டங் டங்கென்று இருமி விழித்தன;
அந்தக் காலி அறை
மெதுவாகச் சூடாகத் தொடங்கியது.