ஏழு எண்ணிக்கை

இரவு பதினொன்றே கால்.
எருமப்பட்டி தாண்டி, கோழித் தீவன ஆலை.
மக்காச்சோளத் தூசு இமையில் உட்கார
மடிக்கணினியைத் தவிட்டு மூட்டைமேல் திறக்கிறேன்.

ஏணி என்பார்கள் இந்த நிரலை.
நானூற்றுப் பன்னிரண்டு படி.
எழுதினவர் ஒரு படியிலும்
ஏன் என்று ஒரு சொல் விட்டுப் போகவில்லை.
டெம்ப். டெம்ப் இரண்டு. டெம்ப் இரண்டு புதுசு.
ஆள் மஸ்கட்டில் என்றார்கள்.
அந்த எண் உபயோகத்தில் இல்லை.

மூன்றாம் தொட்டிக்கு நிரலில் ஆறு என்று பெயர்.
ஐந்தாம் தொட்டி இப்போது கிடையாது,
சுவரை இடித்தபோது அதையும் பிடுங்கிவிட்டார்கள்.
எந்திரத்துக்கு யாரும் சொல்லவில்லை.
வினாடிக்குப் பத்து முறை
ஐந்து நிறைந்ததா, ஐந்து நிறைந்ததா என்று கேட்கிறது.
யாரோ ஒரு புண்ணியவான்
இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றி
நிறைஞ்சிருக்கு என்று பதில் சொல்ல வைத்திருக்கிறான்.

மிக்சரைக் கையால் ஓட்டவிட்டு
சிவப்புக் குமிழை அழுத்தினேன். அவசர நிறுத்தம்.
மிக்சர் ஓடியது.
குமிழுக்குள் விளக்கு எரிந்தது,
அழகாகவே எரிந்தது.

திரையில் எச்சரிக்கை முப்பத்தெட்டு.
கையேடு முப்பத்தாறோடு முடிகிறது.

நல்லசிவம் முதலாளி டீயோடு வந்தார்.
"ஏனுங்க, எப்பங்க ஓடும்?
நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க ஓடுச்சு.
விடிஞ்சா நாப்பதாயிரம் கோழி
கழுத்த நீட்டிப்போடுமுங்க."
வெளியே இரண்டு லாரி, தார்ப்பாய் அவிழ்த்தபடி.

இருநூற்று அறுபதாம் படியில் ஒரு டைமர்.
கிளிஞ்சல் தூள் கதவை மூடச் சொன்னபின்
ஏழு வினாடி சும்மா நிற்கிறது.
எதற்கு? எடையும் பார்க்கவில்லை, காற்றழுத்தமும் பார்க்கவில்லை.
காசில்லாதவன் கடைத்தெருவில் நிற்கிற மாதிரி நிற்கிறது.
நீக்கினேன். அந்தக் கணமே முப்பத்தெட்டு.
திரும்ப வைத்தேன்.
ஏழு வினாடி கழித்து முப்பத்தெட்டு.
நாலாக்கினேன், இருபதாக்கினேன்.
பிறகு எழுதினவரின் வம்சத்தை
மனசுக்குள் கொஞ்ச நேரம் திட்டினேன்.
மூன்று மணிக்கு மீன்தூள் நாற்றம் பழகிவிட்டது,
அதுதான் அன்றைக்கு எனக்கு நடந்த ஒரே முன்னேற்றம்.

ஐந்தே முக்காலுக்கு டிவிஎஸ்ஸில் பெரியண்ணன் வந்தார்.
மகளுக்குக் காதுகுத்து, ஒருநாள் லீவு,
தலையில் இன்னும் சந்தனம் காயவில்லை.
சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.
தொட்டிக்குப் பின்னால் கைவிட்டு
ஒரு மரச்சுத்தியலை எடுத்தார்.
"போடுங்க மேடம்."

போட்டேன்.
கதவு பாதி மூடித் திக்கியது.
அவர் உதடு எண்ணியது. நாலு, அஞ்சு, ஆறு.
தொட்டியின் இடுப்பில் ஒரே தட்டு.
கிளிஞ்சல் சரிந்தது, கதவு மூடியது,
சென்சாரில் பச்சைப் புள்ளி.
ஆலை முழுக்க ஓடத் தொடங்கியது.

"என்ன பண்ணுனீங்க?"
"நானுங்களா? ஒண்ணும் பண்ணலைங்க.
ஏழு எண்ணறதுக்குள்ள ஒரு தட்டு.
அந்த சாருதானுங்க சொல்லிக் குடுத்தாரு."

ஆக நிரலில் ஒரு மனிதன் இருந்தான்.
எந்த வரைபடத்திலும் இல்லாமல்,
முகவரியில்லாமல், மாதம் பதினாலாயிரத்துக்கு.

புதுக் கதவு, பதினெட்டாயிரம், எழுதிக் கொடுத்தேன்.
நல்லசிவம் அந்த வரியில் பேனாவை வைத்து யோசித்தார்.
"ஓடுதில்லீங்க? அப்புறம் பாக்கலாம்."
அடித்துவிட்டார்.
சிவப்புக் குமிழின் வயரை மட்டும்
யாரையும் கேட்காமல் மாற்றி முடுக்கினேன்.
பில்லில் போடவில்லை.

இருநூற்று அறுபதாம் படிக்கு
ஒரு குறிப்பு எழுதிச் சேமித்தேன்:
இங்கே பெரியண்ணன் தட்டுவார்.

கேட் வரைக்கும் கூடவே வந்தார் அவர்.
ஆவணியில் மச்சினனுக்குக் கல்யாணமாம்,
ரெண்டு நாள் லீவாம்.
என் செல் நம்பரைக் கேட்டு
உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.