பின்தொடர்தல் தவறியவர்

மின்சாரம் போய் இருபத்தாறு நிமிடம்.
உறைபெட்டியின் சிவப்பு எழுத்து
கழித்தல் எண்பதிலிருந்து
கழித்தல் எழுபத்து நான்குக்கு வந்துவிட்டது.
பூச்சியத்துக்குக் கீழே
ஏறுவதெல்லாம் இறங்குவதுபோலத்தான் தெரியும்.
பிள்ளையாரடியில் மழை.
ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போன றொபின்சன்
சந்தியில் வெள்ளம் என்று ஒருதரம் சொன்னான்,
பிறகு போனை எடுக்கவில்லை.

கதவைத் திறக்காமல் இருப்பதுதான் இப்போதைக்கு வேலை.
திறக்காமல் நிற்கிறேன்.
உள்ளே இருநூற்றுப் பதினாறு பேர்.
ஆளுக்கு நான்கு குழாய், குழாய்க்கு அரை மில்லிலீட்டர்.
சீனி வருத்தமும் கான்சரும்
ஒரே உடம்புக்குள் எந்த ஒழுங்கையால்
சந்தித்துக்கொள்கின்றன என்று கேட்கச் சேர்த்தவர்கள்.
பெயர் இல்லை, இலக்கம் மட்டும்.
அறநெறிக் குழுவின் கடிதம் கோவையில் இருக்கிறது.

நூற்றுப் பதினேழை எனக்குத் தெரியும்.
தெரியக்கூடாது.
தெரியும்.
ஏறாவூர். நெல் லொறி. முப்பது வருட ஓட்டம்.
பெயரை இங்கும் எழுதமாட்டேன்.

சம்மதப் படிவத்தைத் தமிழாக்கியவள் நான்.
“இவ்வாய்வினால் தங்களுக்கு
நேரடி நன்மை ஏதும் கிடைக்காது.”
அந்த ‘நேரடி’க்கு மூன்று நாள் எடுத்தேன்.
அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்:
“அப்ப எனக்கு இதால ஒண்டும் இல்ல,
அப்பிடித்தானே புள்ள?”
அப்படித்தான் என்றேன்.

“மகாஓயா ரோட்டில டயர் போனா
முதல்ல ஜக்கு எடுக்கிறல்ல நாங்க.
கொப்பொண்டு முறிச்சு
பின்னால ரோட்டில போட்டிட்டுத்தான் மத்த வேல.
வாறவன் ஆரெண்டு தெரியுமா? தெரியா.”
பேனையைக் கேட்டார்.
நாளம் இரண்டுதரம் நழுவியது.
சுவர்க் கலண்டரில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

அவருடைய சீரத்தைச் செல்களின்மேல் விட்டோம்.
எந்த ஊரில், எந்த மார்பில் தொடங்கியவையோ,
சுங்கத்தில் நான்கு நாள் காத்துக் கிடந்து வந்தவை.
ரோஸ் நிறத் திரவத்தில்
சீனி கூடக் கூடக் கூட்டமும் கூடியது.
நூற்றுப் பதினேழின் கிண்ணத்தில் மட்டும்
ஒரு தயக்கம்.
மூன்றுதரம் செய்தேன். மூன்றுதரமும்.
வரைபடத்தில் எல்லாரும் கோட்டோடு ஒட்டிப் போக
அவர் வெகு கீழே, ஒற்றைப் புள்ளி.
மேடம் தவமலர் கண்ணாடியைக் கழற்றினா.
“பிழையாக இருக்கலாம்.
பிழை இல்லையென்றால்தான் கரைச்சல்.
அந்த ஆளிடம் இன்னொருதரம் எடும்.”

ஆறாம் மாத அழைப்பு. மகன் எடுத்தான்.
பின்னால் லொறி ரிவர்ஸ் போகும் சத்தம்.
“வாப்பா மௌத்தாகி நாப்பதும் முடிஞ்சி.”
கொஞ்சம் பொறுத்து,
“நீங்கதான் அந்த ஊசி குத்தின புள்ளயா?
ஒங்கட பேப்பர் வாப்பாட பேர்சுக்குள்ள இரிந்திச்சி,
மடிச்ச மாதிரியே.”

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
இருந்தது ஒன்றுதான்: பின்தொடர்தல் தவறியவர்.
தமிழாக்கியவள் நான்.
தவறியவர் என்றால் ஊரில் வேறொன்று என்பது
அன்றைக்குத்தான் உறைத்தது.
யார் யாரைப் பின்தொடரத் தவறியது என்று
படிவம் கேட்பதில்லை.

கழித்தல் எழுபத்தொன்று.
கையில் டோர்ச், மடியில் கொப்பி.
புள்ளியை நீக்கினால் காரணம் எழுதவேண்டும்.
நீக்காவிட்டாலும் எழுதவேண்டும்.
குறிப்பு என்ற நிரலில்
‘கொப்பு’ என்று எழுதினேன்.
மேடம் கேட்பா.
என்ன சொல்வதென்று யோசிக்கவில்லை.

வாசலில் ஒரு வாகன வெளிச்சம் திரும்புகிறது.
றொபின்சனாக இருக்கலாம்.
உறைபெட்டிக் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன்.
குளிர் இன்னும்
வெளியே வரவில்லை.