நூற்றிருபது மீட்டர்

பதினொரு வருடம்
சேற்றைத் தவிர யாருக்கும் பதில் சொன்னதில்லை
இந்த குவாட் பைக்.
நாலு சக்கரம், ஒரு இருக்கை,
பின்னால் கம்பித் தட்டில் நாய்.
சாலையைக் கடக்கும்போது மட்டும்
இரண்டு பக்கமும் பார்ப்பேன்,
லாரிக்காக அல்ல, போலீசுக்காக.

மார்ச்சில், ஆலங்கட்டி மழைக்கு நடுவே
மாட்டிக்கொண்டேன்.
புதிதாக வந்த பெண், இருபத்தைந்து வயதிருக்கும்,
தொப்பி விளிம்பில் நீர் சொட்டச் சொட்டக் கேட்டாள்:
"நம்பர் பிளேட் எங்கே, மிஸஸ் ப்ரோஸர்?"
கோட்டுக்குள் பிறந்து அரைமணியான குட்டி.
திறந்து காட்டினேன்.
அது என்மேல் மூத்திரம் பெய்தது.
என் தரப்பு சாட்சி அவ்வளவுதான்.

அபராதம் போடவில்லை. ஒரு மாதம் தந்தாள்.

வெல்ஷ் ஒரு பக்கம், ஆங்கிலம் ஒரு பக்கமாகப்
படிவம் வந்தது.
நிறம்?
குழாயைத் திறந்து கழுவிப் பார்த்தேன்.
சிவப்பு. மறந்தே போயிருந்தது.
இருக்கைகள்? ஒன்று.
நாயைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
பயன்பாடு?
அந்தக் கட்டம் கட்டைவிரல் அகலம்.
பனியில் மல்லாந்து கிடந்த ஆடுகள்,
உறைந்த தொட்டியை உடைக்கக் கொண்டுபோன கோடரி,
கடைசி ஏற்றத்தில் கார் மறுத்துவிட
இது இழுத்துப்போன என் மாமனாரின் சவப்பெட்டி.
விவசாயம் என்று எழுதினேன்.

விளக்கு, கண்ணாடி, இண்டிகேட்டர் எல்லாம்
ஸ்லாவெக் பொருத்தினான்.
ஹாரனை அழுத்தினால்
சளிப் பிடித்த வாத்து.
"விலைக்கு இதுதான்" என்றான்.

எல்லாம் முடிந்தது என்றிருந்தபோது
சட்டம் இன்னொரு வரி வைத்திருந்தது.
என் நிலத்திலிருந்து என் நிலத்துக்கு,
சாலையில் ஒன்றரை கிலோமீட்டர்,
அதற்கு மேல் கூடாது.
அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு
வாசலிலிருந்து வாசல்வரை நடந்தேன்.
ஆயிரத்து அறுநூற்று இருபது.
நம்பாமல் திரும்பியும் உருட்டினேன்.
இறக்கத்திலும் அதே கணக்கு.

குறுக்கே இருப்பது ஹெஃபினின் மூலை நிலம்.
அது கிடைத்தால் தூரம் அடங்கும்.
எட்டு வருடமாகப் பேச்சில்லை.
காரணமான கிடாய் செத்தே ஆறு வருடமாகிறது.

கதவைத் தட்டினேன்.
ஒற்றைக் காலுறையோடு வந்து நின்றான்.
வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு
வெகுநேரம் படித்தான்.
"வருடத்துக்கு ஒரு பவுண்ட்" என்றான்.
இனாம் மாதிரி வேண்டாம், ரெண்டு என்றேன்.
"ஒன்றரை."
ஏறுமுகமாகவே பேரம் படிந்தது.

கற்சுவரைப் பிரித்து வாசல் வைக்கப் போன அன்று
கடப்பாரையோடு அவனும் வந்தான், கூப்பிடாமலே.
கல்லைப் பற்றி மட்டும் பேசினோம்.
இதைப் பிடி. விரல் பத்திரம். அது கனம்.
சுவரின் வயிற்றில் ஒரு புகையிலை டப்பா.
குலுக்கிப் பார்த்தான். காலி.
எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே
வேறொரு கல்லுக்கடியில் வைத்தான்.

ஏப்ரல், ஒரு வியாழன்,
காலை ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கையில்,
புது வாசலில் நின்றேன்.
பின்னால் மஞ்சள் பிளேட், சட்டைப்பையில் இன்சூரன்ஸ்.
பழக்கதோஷத்தில் இரண்டு பக்கமும் பார்த்தேன்.
ஒருவருமில்லை.
அந்தப் பெண்ணாவது வந்து தொலைத்திருக்கலாம்.

இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டேன்.
நாய் அதைப் பார்த்து ஒருமுறை குரைத்து
அப்புறம் விட்டுவிட்டது.

சாலை தீர்ந்து, என் மேய்ச்சலில் ஏறி,
ஆடுகளுக்கு நடுவே நேராகப் போகிறேன்.
அணைக்க மறந்த விளக்கு
மேடு முழுக்கச் சொல்லிக்கொண்டே வருகிறது:
இடது,
இடது,
இடது.