இரட்டைக் குளம்பு வரிசை

சாண்டே தீவில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
படிவத்தின் மேல் ஒரு கல்,
கல்லின் மேல் என் முழங்கை.
பெண். ஐந்து மீட்டர் தொண்ணூறு.
பற்கள் ஈறு மட்டம் தேய்ந்தவை.
பெயர் என்ற கட்டத்தில்
கொலைகாரத் திமிங்கிலம் என்று எழுத வேண்டும்.

திமிங்கிலத்தைக் கொல்வது என்றுதான் மாலுமிகள் சொன்னார்களாம்,
வாய்க்கு வாய் மாறி
கொல்கிற திமிங்கிலம் ஆகிவிட்டது.
குடும்பம் பார்த்தால் ஓங்கில்,
அந்த வீட்டில் உடம்பு பெருத்தவள்.
திமிங்கிலத்தை விழுங்குவதற்கு எங்களிடம் பழைய சொல் உண்டு என்றேன்:
திமிங்கிலகிலம்.
இங்கா ட்ரெவர் கத்தியை நிறுத்தி
இரண்டு தடவை முயன்றாள்.
கிலகில என்று சிரிப்புத்தான் வந்தது.

துடுப்பைப் பிளந்தோம்.
உள்ளே ஒரு கை.
ஐந்து விரல்.

பின்னால், சதைக்குள் மிதந்தபடி
எதனோடும் சேராமல் இரண்டு எலும்பு,
ஒரு சாண் இருக்கும்.
இடுப்பு.
ஐந்து கோடி வருஷத்துக்கு முன்
இதில் கால் மாட்டியிருந்தது.
இன்று சிந்து ஓடும் பக்கத்தில்
ஏதோ ஓடையில் கணுக்கால் நனைய நின்ற,
நாயளவு குளம்புக்காரியின் கால்.
அந்தப் பக்கமா நீ என்று
படகுத்துறைக் கடையில் என்னைத்தான் கேட்கிறார்கள்.
இதை யாரும் கேட்டதில்லை.

மீன் வாலைப் பக்கவாட்டில் ஆட்டும்.
இதற்கு மேலும் கீழும்.
ஓடிப் பழகிய முதுகு,
கடலுக்குள் போயும்
நாலுகால் பாய்ச்சலை விடவில்லை.

வயிறு அறை அறையாக இருந்தது.
முதல் அறையில் சீல் நகங்கள், மயிர்.
தழை தின்றவர் கட்டிய வீட்டில்
குடியிருந்திருக்கிறாள்.

டிராக்டர் கொண்டுவந்த ஃப்ளெட்
வேலியை மூட மறந்துவிட்டார்.
கறுப்பில் வெள்ளைத் திட்டுப் போட்ட பசு ஒன்று
மணலில் இறங்கி வந்து
செத்தவளின் கண்ணருகே மூச்சு விட்டது.
அசைபோட்டுக்கொண்டே நின்றது.

படிவத்தை எட்டிப் பார்த்தார் ஃப்ளெட்.
வரிசை: இரட்டைக் குளம்பிகள்.
"இது என் மாட்டுக்கு எழுத வேண்டியதல்லவா?"
"இரண்டுக்கும்தான்."
அவர் அந்த உடம்பை
வாலிலிருந்து மூக்குவரை நடந்து பார்த்தார்.
"குளம்பு எங்கே?"
இங்கா என்னைப் பார்த்தாள்.
எனக்குக் கை முழுக்க ரத்தம், மூக்கு அரித்தது.

மழை வந்ததும் பசுவைத் தட்டி ஓட்டிக்கொண்டு போனார்.
கல்லை எடுத்தேன், படிவம் பறக்கப் பார்த்தது.
அலை இறங்கிய ஈர மணலில்
இரண்டிரண்டாகப் பிளந்த தடம்
நீர் விளிம்புவரை போய்
சற்று நின்று
திரும்பியிருந்தது.