இடது காதில் நீதிபதி

அறையில் இரண்டு நாற்காலி. ஒரே உயரம்.
அதற்காகக் கடைக்காரரிடம் கால் மணி நேரம்
சண்டை போட்டிருக்கிறேன்.
மூலையில் கேமரா, கோட்டுப் பொத்தான் அளவு.
கம்பளிப் போர்வை ஒன்று. பொம்மை கிடையாது:
பொம்மையிடம் சொல்லிவிட்டால்
என்னிடம் சொல்ல மிச்சம் இருக்காது.

உன் பெயரை எழுத எனக்கு உரிமை இல்லை.
வாசலில் பூட்ஸைக் கழற்றினாய்.
ஒரு காலுறை பச்சை, ஒன்று சாம்பல்.
ஆகுரெய்ரியில் எல்லோரும் கழற்றிவிட்டுத்தான்
உள்ளே வருவார்கள், நீதிபதியும்.
அடுத்த அறையில் அவர், அரசு வக்கீல், எதிர் வக்கீல்,
ஒரு போலீஸ்காரம்மா, குழந்தைகள் நலத் துறை ஹ்யால்டி.
ஐந்து பேர், ஒரு திரை, பத்துக் காலுறை.

"என் பெயர் ஸ்டெய்னுன். உனக்கு வயது எட்டு.
அவர்கள் அங்கிருந்து பார்க்கிறார்கள்.
தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம்.
நான் தப்பாகச் சொன்னால் திருத்தலாம்."
உடனே திருத்தினாய்:
"எட்டு இல்ல. எட்டேகால்."

என் இடது காதில் பட்டாணி அளவுக் கருவி.
அதில் நீதிபதி. வலது காதில் நீ.
நடுவில் இருக்கும் தலை யாருடையது என்று
பதினொரு வருஷமாகத் தெரியவில்லை.

"தேதி கேளுங்கள்" என்றது இடது காது.
கேட்கவில்லை.
எட்டேகால் வயதில் தேதி என்பது
பிறந்தநாள் ஒன்றுதான்.
"ஜன்னல் எப்படி இருந்தது?" என்றேன்.

"ராத்திரி. எல்லாரும் தூங்கியாச்சு.
வெயில் அலமாரி மேல இருந்துச்சு.
அவர் திரையை இழுத்து விட்டார்.
கீழே ஒரு விரல் அளவுக்கு வெயில் வந்துச்சு.
அதையே பாத்தேன்."

அடுத்த அறையில் பேனா நின்றது எனக்குக் கேட்டது.
ராத்திரியில் வெயில் என்றால்
இந்த ஊரில் எந்த வக்கீலும்
பொய் என்று எழுந்து நிற்க முடியாது.
ஜூன்.

பிறகு நாற்பது விநாடி.
பச்சைக் காலுறையில் ஒரு நூலை இழுத்தாய்.
அது வந்துகொண்டே இருந்தது.
இழுக்கட்டும் என்று விட்டேன்.

"அப்புறம்?"
"அப்புறம் பள்ளிக்கூடம் போறப்ப.
காலைல. ஒரே இருட்டு.
கார் விளக்கை அவர் போடல."

காலையில் இருட்டு.
யாரும் கணக்குக் கேட்கவில்லை, நானே போட்டேன்,
விரல்களை நாற்காலிக்கு அடியில் மறைத்துக்கொண்டு:
ஜூலை, ஆகஸ்ட்,
செம்மறிகள் மலையிறங்கும் செப்டம்பர்,
அக்டோபர், நவம்பர், டிசம்பர்.
நான் ரொட்டி வாங்கும் கடையில்
உன்னை எத்தனை தடவை பார்த்திருப்பேன்.

"அவர் என்ன சொன்னார் என்று…"
இடது காது பாதியில் நின்றது.
நீயே சொல்லிவிட்டாய்.
அதை இங்கே எழுத மாட்டேன்.
அது ஒரே ஒரு தடவை சொல்லப்படுவதற்காகத்தான்
இவ்வளவு மின்கம்பி, இத்தனை வக்கீல்,
இந்த அசிங்கமான பழுப்பு நாற்காலிகள்.

கடைசியில் கேட்டாய்:
"நாளைக்கு வேற யார்கிட்ட சொல்லணும்?"
"யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.
சொல்லத் தோன்றினால் சொல்லலாம்."
கொஞ்சம் யோசித்தாய்.
"அப்போ நீச்சல் வகுப்புக்கு நேரமாச்சு."

நீ போனபின் ஒலிவாங்கியை அணைக்க
அவர் மறந்திருந்தார்.
இடது காதில் ஓர் ஆள் மூக்கைச் சிந்துகிறார்.
நாற்காலி இழுபடுகிறது. யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள்.
பதிவு நின்றுவிட்டது; ஆவணத்தில் இது வராது.
எனக்கும் கருவியைக் கழற்றத் தோன்றவில்லை.

வெளியே கார்க் கண்ணாடியில் உறைபனி.
சுரண்டியைக் காணோம்.
நூலக அட்டையால் சுரண்டினேன்.
மணி மூன்றரை, இருட்டத் தொடங்கியிருந்தது.
கோட்டுக் கையில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது
ஒரு சாண் பச்சை நூல்.

குதிகால் குளிருமே உனக்கு, என்று நினைத்தேன்.