கதவு திறந்திருந்தது

ஆம்ப்ரோஸ் கீயோவை முதலில் கேட்டேன்,
பிறகுதான் பார்த்தேன்.
என் வேலை அப்படி.
காதில் ஹெட்ஃபோன், மடியில் ரெக்கார்டர்,
நியூஃபவுண்ட்லாந்தின் வடகரை, மார்ச் மாதம்.
மைக்கில் பனி விழுந்தால் அதுவும் பதிவாகும்.

காட் மீனுக்குத் தடை வந்த இரண்டாம் வருஷம்.
மீன் ஆலையில் குளிர்பெட்டிகள் ஓயந்துபோயிருந்தன.
அந்த நிசப்தத்துக்காகவே
இயக்குநர் அங்கே செட் போட்டார்.
கப்பல் உடைகிற படம். சாவு வீட்டுக் காட்சி.
பாட ஓர் ஆள் வேண்டும்,
நாளுக்கு நூற்றிருபது டாலர், மதியச் சாப்பாடு உண்டு.

வந்தவன் ரப்பர் பூட்ஸைக் கழற்றவில்லை.
நாற்காலி நுனியில்
பாதி எழுந்தவன்போல உட்கார்ந்தான்,
கண்ணை மூடினான்.
கண்ணைத் திற என்றார்கள்.
"திறந்தால் நீங்கள் தெரிகிறீர்கள்,
பாட்டு தெரியவில்லை."

பத்தொன்பது கண்ணி.
புறப்பட்ட படகு, திசை மாறிய காற்று,
ஆறு பேரின் பெயர்,
ஒவ்வொருவன் கையுறைக்கும் ஒரு நிறம்.
பதினோராம் கண்ணியில் மட்டும் ஒரு சிரிப்பு:
தண்ணீர் கழுத்துக்கு வந்த பிறகும் சமையல்காரன் சொல்கிறான்,
உப்பு போதவில்லை.
வாத்தியம் இல்லை. மூச்சுதான் தாளம்.

கடைசி வரியில் மெட்டு பாதியில் நின்றது.
இறுதி இரண்டு சொல்லை அவன் பாடவில்லை,
சொன்னான்,
பால் விலை சொல்கிற குரலில்:
"கதவு திறந்திருந்தது."
அந்தக் கரையின் வழக்கம் அது.
பாட்டுக்குள் ஏறியவர்களை
அடுக்களையில் இறக்கிவிட வேண்டாமா?

மான்ட்ரியலில் படத்தொகுப்பு.
பதினோரு நிமிஷம் தாங்காது என்று
பத்தொன்பது கண்ணியையும் வெட்டினார்கள்.
மிஞ்சியது ஒரு முகம்,
இமை பிரிகிற கணம்,
இரண்டு சொல்.
கொட்டகையில் ஜனங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.
பாட்டை எடுத்துவிட்டுக் கேட்டால்
அது வாக்குமூலம்.

அப்படித்தான் நடிகனானான் கீயோ,
பாடாமல் விட்டதைக் கொண்டு.

பிறகு பாதிரி, சுங்க அதிகாரி,
மனைவியைக் கொன்ற பல் டாக்டர்.
மூன்று படத்தில் மூழ்கினான்,
டொரண்டோவில், வெந்நீர்த் தொட்டியில்.
("எங்கள் ஆட்கள் ஒருத்தனும்
இத்தனை சௌகரியமாகச் சாகவில்லை.")
தொலைக்காட்சியில் ஏழு வருஷம் இன்ஸ்பெக்டர் ஹார்க்ரோவ்.
வாரக் கடைசியில் எதையோ வெறுமனே சொல்லிவிட்டு
அறையைவிட்டுப் போவான்.
அதற்குத்தான் சம்பளம்.
விமான நிலையங்களில் யாருக்கும் அவன் கீயோ இல்லை.
ஊரில், அக்கா மகள் கல்யாணத்தில்,
பாடு என்று ஒருவரும் கேட்கவில்லை.
அந்த வசனத்தைச் சொல்லச் சொன்னார்கள்.
சொன்னான்.

ஒரு படத்தில் நாட்டுப் பாடகனாகவே நடித்தான்.
குரல் வேறொருவனுடையது.
"சுருதி சுத்தம்" என்றான் என்னிடம்.
சில நாள் அதைப் பாராட்டு என்றே நினைத்திருந்தேன்.

போன நவம்பர், ராத்திரி இரண்டேகால், ஃபோன்.
"பதினொன்று வரவில்லை."
ஹலோகூட இல்லை.
"பத்து வருகிறது, பன்னிரண்டு வருகிறது.
உப்பு எங்கோ விழுந்துவிட்டது."

அவர்கள் வெட்டியது படத்தை.
டேப் என் அலமாரியில் இருந்தது.
ஃபோனை ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்தேன்.
அந்தப் பக்கம் ஃபிரிட்ஜின் முனகல்,
நாற்காலி இழுபடும் சத்தம்.
நுனியில்தான் உட்கார்ந்திருப்பான்.
உப்பு வந்ததும் சிரித்தான்,
டேப்புக்கு அரைக் கணம் பிந்தி.
பதினெட்டு. பத்தொன்பது.
மெட்டு நின்றது.

டேப்பில் இருந்தவன் அந்த இரண்டு சொல்லைச் சொன்னான்.
ஃபோனில் இருந்தவன்
பாடினான்.

அந்தச் சொற்களுக்கு மெட்டு உண்டென்றே
எனக்குத் தெரியாது.
அது மேலே ஏறி
ஓர் இடத்தில் நின்றது, இறங்கவில்லை.
பதிவு செய்யத் தோன்றவில்லை.
ஃபிரிட்ஜும் ஓய்ந்தது.
வெகுநேரம் மூச்சு மட்டும்.

யாராவது இறக்கிவிட வேண்டுமே என்று
கேட்டேன்:
"ஆம்ப்ரோஸ், உங்கள் பக்கம்
பால் இப்போது என்ன விலை?"