எழுபத்தெட்டு

ஜெலுத்தோங்கில் பதினான்காம் மாடி.
ஒரு தடவைக்கு எட்டுப் பெட்டிதான் என்று
லிஃப்ட் வாசலில் காவலாளி கணக்கு வைத்தார்.
நாங்கள் ஒரு மலையைத்
தவணை முறையில் மேலே ஏற்றினோம்.

கட்டம் போட்ட தாளில் நான் வரைந்தது:
கல் தரை, கல் சுவர்,
சுவரோடு சேர்த்துக் கட்டிய மேடை,
மேடைக்குள் இறக்கிய தொட்டி,
அடியில் இரண்டு இழுப்பறை.
"அரண்மனையா கட்டுறோம்?" என்றார் நாகரெத்தினம்.
அரண்மனையில்
ஆறடிக்கு ஐந்தடியில் யார் குளிக்கிறார்கள்?

கல் வாங்கப் பாலம் தாண்டினோம்.
சாம்பலில் தேன் கலந்த நிறத்தில் ஒரு பலகையை எடுத்து
தன் கோப்பி-ஓவில் ஒரு சொட்டு விட்டுக் காட்டினார்
கடைக்காரர் கோ.
சொட்டு நின்றது. பிறகு இல்லை.
"இது குடிக்கும். வருஷம் ஒருமுறை மேல்பூச்சு பூசணும்" என்றார்.
எலுமிச்சை, புளி, வினிகர், மஞ்சள்,
குங்குமம், எண்ணெய் எதுவும் ஆகாதாம்.
நம்மையே ஆகாது என்கிறார்,
தமிழில் முணுமுணுத்தேன்.
புரிந்தவர் போலச் சிரித்து
இருநூறு வெள்ளி குறைத்தார்.

"திங்கி பெராப்பா, காக்?"
மேடை எவ்வளவு உயரம் என்று
பென்சிலைக் காதில் செருகியபடி கேட்டார் சுத்ரிஸ்னோ.
அங்கேதான் எல்லாம் நின்றது.

நான் நான்கடி பத்தங்குலம்.
அவர் ஆறடிக்கு ஒரு விரல் குறைவு.
ஊரில் எல்லா வீட்டிலும் எண்பத்தைந்து சென்டிமீட்டர்.
எண்பத்தைந்தில் நான் முகம் கழுவினால்
தண்ணீர் முகத்துக்கு வருவதற்கு முன்
முழங்கை வழியாக ரவிக்கைக்குள் போய்விடும்.
பத்தொன்பது வருடம்
ஒரு கை நனைந்தே வேலைக்குப் போயிருக்கிறேன்.
அதை அவரிடம் சொன்னதில்லை.
சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை,
பென்சில் வரும் வரை.

அவருக்கும் காரணம் இருந்தது.
துறைமுகத்தில் கிரேன்.
எட்டு மணி நேரம், கண்ணாடித் தரை வழியாக,
தன் கால்களுக்கு நடுவே
கப்பலைக் குனிந்து பார்க்கிற வேலை.
"வீட்டுலயும் குனியணுமா?"
கேட்டுவிட்டு அவர் எண்பத்தைந்தில் ஒரு கோடு போட்டார்.
நான் எழுபத்தைந்தில் போட்டேன்.
சுத்ரிஸ்னோ பாவம், எண்பதில் ஒன்று.

ஐந்து நாள்
மூன்று கோடுகளும் சுவரில் இருந்தன.
வேலை தரைக்குப் போனது.
சரிவு சரியா என்று பார்க்க
ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி
மூன்று பேரும் வாசலில் நின்றோம்.
தண்ணீர் கொஞ்சம் யோசித்தது.
பிறகு மூலைக்குப் போனது.
கீழ்வீட்டு ரொஸ்னாவின் கூரை தப்பியது.
அன்றைக்கு மட்டும் நாங்கள் பேசிக்கொண்டோம்,
தண்ணீரைப் பற்றி.

ஆறாம் நாள் வேலை முடிந்து வந்தால்
சுவரில் ஒரே கோடு.
எழுபத்தெட்டு.
மற்றவற்றை யார் அழித்தது?
"பாங்தான்" என்றார் சுத்ரிஸ்னோ.
"அந்த ஆளுதான்" என்றார் இவர்.
மேடையின் விளிம்பு மட்டும்
நான் வரைந்ததைவிட நான்கு விரல் முன்னால் நீண்டிருந்தது,
முனை மழுங்க உருட்டி.
எதற்கு என்று கேட்டேன்.
சுத்ரிஸ்னோ குனிந்து,
இரண்டு முழங்கைகளையும் அதன்மேல் ஊன்றி,
இல்லாத தண்ணீரில் முகம் கழுவிக் காட்டினார்.
முதுகுக்கு வேலையே இல்லை.

மேடை கட்டி ஒன்றரை வருடம்.
என் ரவிக்கை காய்ந்திருக்கிறது.
குழாய்க்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பொட்டு,
அது நான், ஒரு வெள்ளிக்கிழமை அவசரம்.
விளிம்பில், தோள் அகலத்துக்கு விலகி,
தேங்காயெண்ணெய் குடித்துக் கறுத்த
இரண்டு வட்டங்கள்.
கோவின் மேல்பூச்சு டின்
இழுப்பறையில் மூடி திறக்காமல் இருக்கிறது.
இந்த வாரம் பூசலாம் என்கிறார் இவர்.
பார்க்கலாம் என்கிறேன்.